கட்சி மாறாதவன்

"ஏனுங்க... சார்ஜர் கொஞ்சம் தர்றீங்களா?"

பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரேயிருந்த பேக்கரிக்குள் பாதி நனைந்தபடி ஓடி வந்த சௌந்தர்யா, மூலை மேசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டாள். தோழியின் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும் வழியில் கார் மக்கர் செய்து, பக்கத்துப் பட்டறையில் நின்றிருந்தது. போனும் உயிரை விட்டிருந்தது. இதில் மழை வேறு...

அவன் திரும்பவில்லை. அவள் நீட்டிய போனை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தான். அதன் பின்பக்கமிருந்த ஆப்பிள் சின்னத்தைப் பார்த்தான்.

"ஐபோனுங்களா... அது பெரிய எடத்துப் போனுங்க. நம்ம ஒயரு சேராது."

அந்தக் குரல்! அந்தக் குத்தல்! சௌந்தர்யாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"இப்ப வர்ற ஐபோனுக்கெல்லாம் இதே ஒயருதான்... சரவணா."

சரவணக்குமார் சடாரென்று திரும்பினான். அதே கண்கள்... சண்டைக்கு நிற்கும்போதுகூட ஓரத்தில் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருக்கும் கண்கள். கழுத்தோரம் மட்டும் வெயிலில் கறுத்திருந்தது.

"சௌந்தர்யா...ங்களா?"

ங்களா! கல்லூரியில் நான்கு வருடம் 'வா, போ' என்று வம்பிழுத்தவன், இப்போது மரியாதையைக் கதவு மாதிரி சாத்திக்கொண்டு நிற்கிறான்.

ஒயரை வாங்கிச் செருகினாள்.

"இங்க எப்படி?"

"வாழைத் தோப்புக்கு ட்ரோன்ல மருந்தடிக்க வந்தனுங்க. மழை வந்து கெடுத்துப்போட்டுது."

"ஊடு இன்னும் ஜலகண்டாபுரத்துலதானா?"

"ஆமாங்க."

இரண்டு டீ வந்தது. தகரக் கூரையில் மழை மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது...

நாமக்கல்லில் இருவரும் படித்த இன்ஜினியரிங் கல்லூரி. வகுப்பிலேயே ஒரே ஒரு ஐபோன் அவளுடையது. அவன் கையில் ஆண்ட்ராய்டு. முதல் நாள் கேன்டீனில் அவன்தான் ஆரம்பித்தான்.

"உன் போனு பங்களா மாதிரி. பாக்க அழகு. ஆனா செவுத்துல ஒரு ஆணி அடிக்க உடமாட்டாங்க!"

"உன் போனு சந்தை மாதிரி. எவன் வேணா உள்ள வரலாம், எவன் வேணா போலாம்!"

அன்றிலிருந்து தினமும் சண்டை. வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து விசிலடிக்கும். அவன் வராத நாளில் கேன்டீன் டீ அவளுக்குத் தண்ணீராக இருக்கும். ஏன் என்று அப்போது யோசித்ததே இல்லை...

கடைசி நாள். கொல்லிமலை டூர் போட்டோக்களைக் கேட்டான். "நீயும் ஐபோன் வாங்கு, பட்டனைத் தொட்ட ஒடனே படம் வந்துரும்," என்று சிரித்தாள். விளையாட்டுத்தான். அந்த வாரம்தான் அவன் வீட்டில் பிழைப்புக்கிருந்த இரண்டு தறிகளை விற்றிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அவன் முகம் செத்துப்போனது. "உங்கப்பன் போர் போடற ரிக் வண்டி சம்பாதிச்ச போனு அது. அதை வெச்சு என்னைய எடை போடாதே," என்றான், எல்லோர் முன்னாலும்.

அவள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தாள். அவனும் கூப்பிடவில்லை. இருவருக்கும் ரோஷம்... ஏழு வருடம் ஓடிப்போனது.

போன் உயிர் பெற்ற அடுத்த நிமிடமே அலறியது. அப்பா.

"எங்க சாமி போயிட்ட? மாப்ள ஊட்டுல பதில் கேக்கறாங்க. சரின்னு சொல்லிப்போடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கப்பா... நானே கூப்புடறேன்."

வைத்தாள். அப்பாவின் உரத்த குரல் மேசைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருந்தது. சரவணக்குமார் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல எடம்ங்களா?"

"நல்ல எடம்தான்."

மேசைமேல் அவன் போன் கிடந்தது. புதிதுதான். ஆனால் அதே ஆண்ட்ராய்டு.

"இன்னும் கட்சி மாறலையா? இப்பத்தான் வாங்க முடியுமில்ல..." சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதே பழைய புண்!

இந்த முறை அவன் சிரித்தான்.

"போன வருசம் கம்பெனியிலயே ஐபோன் பரிசா குடுத்தாங்க. தங்கச்சிக்குக் குடுத்துட்டனுங்க."

"அப்படி இதுல என்னதான் இருக்குது?"

"ஒண்ணுமில்ல. கேமரா, மேப்பு... ரெண்டும் இப்ப ஒரே மாதிரிதான்."

"அப்புறம்?"

அவன் தன் போனைக் கையிலெடுத்துப் புரட்டினான்.

"மாறிட்டா... உங்கூடச் சண்டை போட எனக்குன்னு ஒரு பக்கம் இருக்காதே, சௌந்தர்யா."

அந்த 'ங்க'வைக் காணோம். அவளுக்குக் கண் கரித்தது.

"எங்கயாச்சும் எதிர்ல வருவ... 'இன்னும் அந்தச் சந்தையத்தான் கட்டிட்டு அழுவறயா'ன்னு கேப்பன்னு நெனச்சேன். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நானும் வெளையாட்டுன்னு ஓடி வந்து சொல்லியிருக்கணும்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் ஐபோனை உடாம இருந்தது பழக்கதோஷம்னுதான் நெனச்சிருந்தேன், சரவணா. எந்தங்கச்சி தனப்பிரியா ஒரு தடவை ஆண்ட்ராய்டு கடைக்கே இழுத்துட்டுப் போனா. கையில எடுத்தேன், வெச்சுட்டேன். மாறிட்டா நீ ஜெயிச்ச மாதிரி. தோத்துட்டேன்னு சொல்றதுக்குக்கூட நீ பக்கத்துல இல்லையே..."

மழை சட்டென்று ஓய்ந்தது. பேக்கரி முழுக்கக் கேட்டுவிடுமோ என்று பயந்தவன் மாதிரி அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த மாப்ளைக்குச் சரின்னு சொல்லிறாதே."

"ஏனாம்?"

"எனக்கு உன்னைய அவ்வளவு புடிக்கும். கேன்டீன்ல போட்ட மொதச் சண்டையிலயிருந்து..."

சௌந்தர்யா நிமிரவில்லை. கன்னம் மட்டும் சிவந்தது. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கப்பா... அந்த எடம் வேண்டாமுங்க. எனக்கு... ஒருத்தரைப் புடிச்சிருக்குதுங்க. எங்கூடப் படிச்சவரு. நல்லவருங்க. ஒரே ஒரு குறைதான்..."

எதிரே சரவணக்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன சாமி குறை?"

"ஆண்ட்ராய்டு வெச்சிருக்காருங்க."

"அட, அதொரு குறையா? நானும் அதைத்தான வெச்சிருக்கறேன்! ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வரச்சொல்லு... பையனைப் பாத்துப் பேசறேன்."

அழுகையும் சிரிப்புமாகப் போனை வைத்தாள். சரவணக்குமார் மேசைமேல் சாய்ந்து, நம்ப முடியாத கண்களோடு கேட்டான்.

"ஏம்புள்ள... உங்கப்பா நம்ம கட்சியா?"