ஒட்டாத விரிசல்

ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டரம்மா டீயை அப்போதுதான் வாயருகே கொண்டுபோயிருந்தாள். வெறுப்போடு கீழே வைத்தாள்.

"மேடம்... கான்கிரீட் கம்பெனியிலேர்ந்து பேசறேன். எங்க அண்ணன்... முற்றத்துல, கலவை மெஷினுக்குப் பின்னாடி... மண்டை உடைஞ்சு..."

பேசியது சின்ன முதலாளி. கிடந்தது பெரிய முதலாளி.

பொழுது சாய்வதற்குள் ஆளும் சிக்கிவிட்டான். கம்பெனி லாரி டிரைவர். அன்று காலை அதே முற்றத்தில் பெரியவர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன். கம்பெனியே வேடிக்கை பார்த்திருக்கிறது.

வேறென்ன வேண்டும்? தூக்கி லாக்கப்பில் போட்டாயிற்று!

நான்காம் நாள் அவன் மனைவி ஸ்டேஷனுக்கு வந்து நின்றாள். அந்தக் கம்பெனியின் ஒரே இன்ஜினியர். லாரி டிரைவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். இரண்டு வீட்டிலும் இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது.

"என் வீட்டுக்காரர் கொலை பண்ணல மேடம்."

"எல்லார் பொண்டாட்டியும் இதைத்தாம்மா சொல்றாங்க. நாளைக்கு அவன் ஜெயிலுக்குப் போறான். சண்டை எதுக்கு, அதைச் சொல்லு."

"எனக்காகத்தான். பெரியவர் என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டார். நான் செஞ்ச கான்கிரீட் ஒட்டலையாம்."

"ஒட்டலையா?"

"விரிசல் விட்டா அதுவே ஒட்டிக்கிற கான்கிரீட் மேடம். உள்ள கடுகு மாதிரி கேப்சூல் கலந்திருக்கோம். விரிசல் ஓடுற வழியில கேப்சூல் உடையும். உள்ள இருக்கிற மருந்து கசிஞ்சு விரிசலை மூடிடும்."

இன்ஸ்பெக்டரம்மா சிரித்தே விட்டாள்.

"எங்க வீட்டு மாடிக்கு ரெண்டு மூட்டை அனுப்பும்மா. ஆமா, கையில என்ன சிவப்பா?"

இன்ஜினியர் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள்.

"வேலைக் கறை மேடம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது."

"சரி, ஏன் ஒட்டல?"

"தண்ணி படணும். பட்டாதான் மருந்து கரையும். தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சின்னவர்தான் சேல்ஸ் பாக்கறார். தண்ணியே தேவையில்லைன்னு ஊர் பூரா சொல்லி வித்துட்டார். அதனால, இதே கான்கிரீட்டுல போட்ட டெஸ்ட் ஹால் தரையில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு உத்தரவு. மாசக்கணக்கா அந்த விரிசல் பல்லைக் காட்டிக்கிட்டுக் கிடக்கு."

குரல் உடைந்தது.

"மேடம், இவர் லாரியை எடுத்துக்கிட்டுக் கிளம்பறப்போ பெரியவர் உயிரோட அந்த ஹாலுக்குள்ள போனாராம். சத்தியம் பண்றார். ஒரே ஒரு தடவை ஹாலைப் பாருங்க."

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை எடுத்தாள். அழுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அழுகை நிற்கிற வரைக்கும் எதையாவது செய்துகொண்டிருப்பாள்.

ஹால் வாசலிலேயே சின்ன முதலாளி எதிர்கொண்டார். மடிப்புக் கலையாத சட்டை. கழுவுற மீனில் நழுவுற மீன்.

"டிரைவர் கதை விடறான் மேடம். அன்னிக்குப் பூரா நான்தான் இந்த ஹால்ல உட்கார்ந்து போன்ல பேசிக்கிட்டிருந்தேன். அண்ணன் உள்ள காலே வைக்கல."

"அதுக்கப்புறம் யாராவது உள்ள வந்தாங்களா?"

"சாவி என்கிட்டதான். ஈ, காக்கா நுழையல."

"தரையைக் கழுவுனீங்களா?"

"தண்ணியே ஆகாத தரை மேடம் இது!"

கதவு திறந்தது. பழுப்புத் தரை. சுவருக்குச் சுவர் ஓடும் விரிசல், ஒரு நூல் அகலத்துக்கு.

இன்ஜினியர் அதன் மேலேயே நடந்து போனாள். நடு ஹாலில் நின்றாள்.

வீலென்று கத்தினாள்!

இன்ஸ்பெக்டரம்மாவின் கை துப்பாக்கிக்குப் போனது.

"என்னம்மா?"

"ஒட்டியிருக்கு மேடம்... ஒட்டியிருக்கு!"

முழங்கால் போட்டுத் தரையைத் தடவினாள். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் விரிசலைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. இரண்டு பக்கமும் விரிசல் பழையபடியே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

புருஷன் லாக்கப்பில் இருக்க, அவள் சிரித்தாள். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது.

"மேடம்... இங்க மட்டும் யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

இன்ஸ்பெக்டரம்மா மெல்லத் திரும்பினாள்.

"ஈ, காக்கா நுழையலைன்னீங்க. நுழைஞ்சு குளிச்சிட்டுப் போச்சா சார்?"

"அது... தண்ணி பாட்டில் கவுந்திருக்கும். மறந்துட்டேன்."

"ஒரு பாய் அகலத்துக்கா?"

"பெரிய பாட்டில்..."

"ஏம்மா, தண்ணியோட வேற ஏதாவது விரிசலுக்குள்ள போயிருந்தா?"

"உள்ளயே மாட்டிக்கும் மேடம். மேல எவ்வளவு தேய்ச்சாலும் வராது."

"தோண்டு."

மூலையில் கிடந்த துளை போடும் மெஷினை இன்ஜினியரே எடுத்தாள். ஹால் அதிர்ந்தது. புழுதி பறந்தது. இன்ஸ்பெக்டரம்மா வரிசையாகத் தும்மினாள். சின்ன முதலாளியின் நெற்றியில் வியர்வை.

சத்தம் நின்றது. இன்ஜினியர் துளையிலிருந்து உருளையாக ஒரு கான்கிரீட் துண்டை உருவி எடுத்து நீட்டினாள்.

மேலே வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே, விரிசல் போன வழி நெடுகச் சிவப்பு!

சின்ன முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி... பினாயில் போட்டு அத்தனை தடவை தேய்ச்சேனே..."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"சொல்லுங்க சார். பாதியில நிறுத்தினா எனக்குத் தூக்கம் வராது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டாத சரக்கை விக்காதேன்னார். வாங்கினவங்க எல்லாருக்கும் போன் பண்ணி உண்மையைச் சொல்லப்போறேன்னார். என் மானமே போயிருக்கும். தள்ளிவிட்டேன்... இந்தத் தரையில மண்டை அடிச்சு... மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல இழுத்துட்டுப் போய் முற்றத்துல போட்டேன். டிரைவர் சண்டை போட்டிருந்தது வசதியாப் போச்சு."

இன்ஸ்பெக்டரம்மா விலங்கை மாட்டினாள்.

"இந்தத் துண்டை லேபுக்கு அனுப்பணும். ரத்தத்தைப் பத்திரமாப் பிடிம்மா."

இன்ஜினியர் தொண்டையைச் செருமினாள்.

"மேடம்... அது ரத்தம் இல்ல."

"என்னது?"

"சாயம். எந்தக் கேப்சூல் உடைஞ்சதுன்னு தெரியறதுக்காக மருந்துல நான்தான் கலந்தேன்."

சிவந்த விரல்களை விரித்துக் காட்டினாள்.

"அடிப்பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"அவர் பேசிக்கிட்டிருந்தார் மேடம். குறுக்க பேசினா மரியாதையா இருக்காதே. நிஜ ரத்தமும் உள்ள இருக்கும். லேப்ல தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

சின்ன முதலாளி பேயறைந்தவராக அந்தத் துண்டையே பார்த்தார்.

"சாயமா? யாரும் என்கிட்ட சொல்லலையே..."

"சொன்னேன் சார். எல்லா மீட்டிங்லயும் சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க."

இன்ஸ்பெக்டரம்மா ஸ்டேஷனுக்குப் பேசி டிரைவரை வெளியே விடச் சொன்னாள். இன்ஜினியருக்கு அப்போதுதான் நிஜமாக அழுகை வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சின்ன முதலாளி ஜீப்பில் ஏறும்போது ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றி சார். இத்தனை மாசத்துல நம்ம சரக்குக்கு நான் சொன்னபடி தண்ணி ஊத்தின ஒரே ஆள் நீங்கதான்!"