மேல்நோக்கி ஓடிய பச்சை

1978. காளவாசல் பக்கம் ஜெயக்கொடியின் ஓட்டு வீடு. காலை மணி ஏழு.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று வாசலில் நின்று தெருவையே கூட்டியவர் கவிஞர் கண்ணுச்சாமி. ஸ்டேஷனுக்கு ஓடி, ஏட்டு வெள்ளைத்துரையைக் கையோடு கூட்டி வந்ததும் அவர்தான்.

மேசையில் எட்டு வாட்டர்கலர் படங்கள். மீனாட்சி கல்யாணத்தைக் கவிஞர் பாட்டாக எழுத, அதற்கு ஜெயக்கொடி மூணு மாசமாகக் கண் பூத்துப் போக வரைந்தவை. ஒவ்வொரு தாளிலும் மேலே படம், கீழே கவிஞரே மைப்பேனாவால் எழுதிய பாட்டு. அதை அப்படியே அச்சடிப்பதாக ஏற்பாடு. எந்தப் பாவியோ தண்ணீரை ஊற்றிவிட்டான். அம்மனின் பச்சை நிறம் கிரீடத்தையும் தாண்டி மேல் ஓரம் வரை ஓடிக் குழம்பிக் கிடந்தது. பாட்டில் மட்டும் ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை.

"நீ எங்கம்மா போயிருந்த?"

"குழாயடிக்கு, ஏட்டய்யா."

"வீட்டுல யாரு?"

"இவரு மட்டுந்தான். தூங்கிக்கிட்டு இருந்தாரு." புருஷன் மருதுவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள் ஜெயக்கொடி.

மருது சினிமா பேனர் வரைகிறவன். இந்த வேலையை முதலில் கேட்டவன் அவன்தான். கவிஞர் அவளுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது தெருவுக்கே தெரியும்.

"வயித்தெரிச்சல் புடிச்ச மனுசன்! நான் பரவைக்கு எங்கம்மா வீட்டுக்கே போறேன்." துணிப்பையைத் தூக்கிவிட்டாள்.

"சத்தியமா நான் தொடலடி!"

"இவன உள்ள தூக்கிப் போடுங்க ஏட்டய்யா," என்றார் கவிஞர்.

ஏட்டு ஒரு தாளை எடுத்துச் சாய்த்துப் பிடித்தார்.

"கவிஞரே, தண்ணி மேல பாத்து ஓடுமா?"

"அதெப்படி ஓடும்?"

"இங்க ஓடியிருக்கே! தாளத் தலைகீழாப் புடிச்சு ஊத்தியிருக்காங்க. எட்டையும். நேராப் புடிச்சிருந்தா பாட்டும் அழிஞ்சிருக்கும். அம்புட்டு ஆத்திரத்துலயும் பாட்டு நனையக்கூடாதுன்னு பதறுன ஆளு யாரு? மருதுவுக்கு உங்க பாட்டு என்ன அத்தை மகளா? இந்தப் பிள்ளை குடத்தோட போறதப் பாத்து உள்ள நுழைஞ்சது நீங்கதான்."

கவிஞர் வாசல் பக்கம் நழுவ, ஏட்டு அவர் கையைப் பிடித்தார்.

"வந்தவன் போனவன் எல்லாம் படத்தத்தான்யா பாத்தான்! என் பாட்ட ஒருத்தன் படிச்சானா? அது என் புஸ்தகம்யா!"

ஏட்டுக்குச் சுருக்கென்றது. அவரும் ஒரு வரி படிக்கவில்லை. இருந்தாலும் கவிஞரின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஜெயக்கொடி பையோடு மருது பக்கம் திரும்பினாள். "அப்ப, உங்களுக்குப் பொறாமையே இல்லையா?"

"இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். நீ அசந்த நேரமாப் பாத்து அந்தப் படத்த எடுத்து வச்சுக்கிட்டு வயிறெரிஞ்சிருக்கேன். என் கைக்கு இது வராதுடி. அம்புட்டு அழகு. அதப் போயி அழிப்பேனா?"

"இத மூணு மாசத்துல ஒரு நாளாச்சும் சொன்னீகளா?" பையைக் கீழே போட்டு, அவன் நெஞ்சில் ஒரு குத்து குத்தி, ஓவென்று அழுதாள் ஜெயக்கொடி.