இரண்டாம் எஞ்சின் சுவிட்ச்

கராஜில் கட்டிய விமான ஸிமுலேட்டரின் சுவிட்சுப் பெட்டியைப் பிரித்தபோது, இரண்டாம் எஞ்சினின் திருகு சுவிட்ச் 'ஸ்டார்ட்'டில் நின்றிருந்தது. மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் அதை 'ஆஃப்'க்கு இழுத்திருக்க வேண்டும். ஒவிதியோ கையால் திருப்பினான். மனமில்லாததுபோல் திரும்பியது.

"நீ குடுத்த காயில்தானே?" என்றாள் கராஜ் வாசலில் நின்ற நில்தா. அவள் கணவன் காசிமீரோ இந்தக் கராஜில் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவனுடைய மாத்தே தேநீர்க் குவளையிலிருந்து தானே உறிஞ்சினாள்; பகிர்ந்து குடிப்பதுதான் வழக்கம், ஒவிதியோவுக்கு நீட்டவில்லை.

"காயில்ல தப்பில்ல. எஞ்சின் ஸ்டார்ட் ஆகறப்ப கம்ப்யூட்டரை நடுவுல நிறுத்தி வெச்சிட்டு எவனாவது மத்தியானத் தூக்கம் போடுவானா?"

"இந்த ராஃபேலா ஊர்ல எல்லாரும்தான் போடுவாங்க. இருபது வருஷமா கூடப் பறந்தியே, தெரியாதா?"

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்சைத் திருப்பியதும் மின்காந்தக் காயில் ஒரு முளையைத் தள்ளி, சுவிட்சின் பள்ளத்தில் பிடிக்கும். கணினியில் எஞ்சின் வேகம் எடுத்ததும் மின்சாரம் அறுந்து முளை விலகும், சுவிட்ச் 'ஆஃப்'க்குத் திரும்பும். அன்று நிறுத்திவைத்த கணினியில் எஞ்சின் வேகம் எடுக்கவேயில்லை. காசிமீரோ தூங்கிய இரண்டு மணி நேரமும் காயில் பிடித்தபடி வெந்து, பூட்டிய கராஜைப் புகையால் நிரப்பி அவனைக் கொன்றது. அது சில நொடிகள் மட்டுமே பிடிக்கச் செய்த கதவுப் பூட்டுக் காயில். 'அரை நிமிஷம்தானே, தாங்கும்' என்று கொடுத்தது ஒவிதியோ. அப்படிச் சொல்லிக் கொடுத்ததை அவன் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அதே வகையில் புதுக் காயில் வாங்கிப் பொருத்தியிருந்தான். பிடிக்கும், விடும். இவள் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடட்டும்.

ஷட்டர்கள் இறக்கிய கராஜில் ஜனவரிக் கோடையின் வெக்கை தகரக் கூரையிலிருந்து சொட்டுவதுபோல் இருந்தது. தெரு முழுதும் உறங்கியது. காசிமீரோ உட்காரும் வலது இருக்கையின் தோல், யாரோ சாய்ந்ததுபோல் மெல்ல முனகியது. வெயிலில் விரிகிறது, அவ்வளவுதான்.

திருப்பினான். டக். பிடித்தது. திரையில் முள் ஏறியது. இருபது. நாற்பது. ஐம்பத்தாறு, காயில் விடவேண்டிய வேகம். காயிலில் மாட்டிய மின் மீட்டர் பூஜ்யம் காட்டியது.

சுவிட்ச் திரும்பவில்லை.

"விட்டுச்சா?"

"விடும்!"

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. எரிந்த வார்னிஷ் வாடை. பின்மூடியைத் திறந்து காயிலை உருவினான். உள்ளங்கையில் அது சில்லென்று கிடந்தது.

சுவிட்ச் 'ஸ்டார்ட்'டிலேயே.

இரண்டு கைகளாலும் திருகினான். தோல் உரிந்தது. "அரை நிமிஷம்தானே, தாங்கும்னு சொல்லித்தானேடா குடுத்தேன்! விடுடா! காசிமீரோ, விடு!"

நில்தா உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"என்ன சொல்லிக் குடுத்தே?" என்றாள் நில்தா.

வலது இருக்கைப் பக்கம், பலகையில் விரல்முட்டியால் இரண்டு தட்டு. எஞ்சின் எழும்போதெல்லாம் காசிமீரோ தட்டுவதுபோல்.

நில்தாவின் இரண்டு கைகளும் குவளையில் இருந்தன.

ஒவிதியோ டார்ச்சை எடுத்துக் குனிந்தான். முளை இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு விரல்நுனி. கருகியது. நகம் பிளந்தது.

வெளிச்சம் பட்டதும், அது இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டது.