ஆறாம் தெருவின் பொய்மணி

செவ்வாய்க் கோளின் நான்காம் குவிமாடத்தில் அன்று நண்பகலுக்குள் எண்பத்தேழு திருட்டுமணிகள் அடித்துவிட்டன. யாரும் தலைநிமிரவில்லை. இட்லி ஆவி, ஆடும் திரைச்சீலை, தூசி துடைக்கும் எந்திரன் என்று எதைக் கண்டாலும் வீட்டுச் சுவர்கள் அலறும். ஓடி ஓடி அலுத்துப்போன காவல்துறை, யாராவது ஒருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்தால்தான் வருவோம் என்று விதி போட்டுவிட்டது.

சரிபார்ப்பு நிலையத்தில் உட்கார்ந்து அந்த உறுதியைக் கேட்டு வாங்குவது சிவலோகனின் வேலை. பதினோரு ஆண்டுகளில் அவன் கண்டதெல்லாம் பொய்மணிதான்.

பிற்பகலில் ஆறாம் தெருவிலிருந்து சகாயமேரியின் மணி அடித்தது. நுரையீரல் பழுதாகி, உயிர்வளி உருளையின் தயவில் தனியாக வாழ்பவள். இந்த மாதத்தில் இது பத்தாவது தடவை. சிவலோகன் அழைத்தான்.

“என்னக்கா, மறுபடியும் குக்கரா?”

“ஆமா சார். ஒண்ணுமில்ல. வச்சிடுங்க.”

இணைப்பு அறுந்தது. ‘பொய்மணி’ என்று பக்கத்திலிருந்த ஆய்வி எந்திரம் முத்திரையிட்டது. சிவலோகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி, தம்பி என்று கால் மணி நேரம் பேசுகிறவள் இன்றைக்கு சார் என்கிறாள்.

தெருவின் மற்ற முப்பத்தாறு வீடுகளுக்கும் கேள்வி அனுப்பினான். சன்னல்வரை போய் அவள் வீட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும். முப்பத்தாறு பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘தெரியாது’ பொத்தானைத் தட்டினார்கள்.

“காவலரை அனுப்பு,” என்றான் ஆய்வியிடம்.

“சாட்சி இல்லை. உங்கள் பதற்றம் சாட்சியாகாது.”

காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். ஆறாம் தெருவில் அவள் கதவு உட்புறம் பூட்டியிருந்தது. உள்ளே உலோகம் தரையில் உருளும் சத்தம்.

“அக்கா, கதவத் திறங்க!”

தோளால் இடித்தான். அசையவில்லை. கீழே கிடந்த இரும்புக்குழாயை எடுத்துப் பூட்டை நெம்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இரண்டே நிமிடத்தில் காவல் ஊர்தி வந்து இறங்கியது. நான்கு பேர் அவனைச் சுவரோடு அழுத்தினார்கள்.

“நான் சரிபார்ப்பு நிலையத்து ஆளு சார். மொதல்ல உள்ள பாருங்க.”

“முப்பத்தாறு பேர் உன்னைக் கண்ணால பாத்திருக்காங்க. வாய மூடு.”

வெளியே இடிக்கும் சத்தம் ஓய்ந்த அந்நேரம் கதவு உள்ளிருந்து திறந்தது. உயிர்வளி உருளையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்த இருவர், நேராகக் காவலர்களின் கையில் வந்து விழுந்தார்கள். உள்ளே சகாயமேரி உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். உருளையின் குழாயை மூக்கில் மீண்டும் மாட்டியதும் மெல்ல மூச்சு திரும்பியது.

“யாரோ புது ஆளு ஓடுறானேன்னு பயந்துட்டோம்,” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஆய்வி இதைக் குறித்துக்கொண்டது. மறுவாரம் புதிய நடைமுறை வந்தது. ஐயத்துக்குரிய மணி அடித்தால், தெருவாசிகளுக்கு முகம் தெரியாத ஒருவரை அந்த வீட்டை நோக்கி ஓடவிட வேண்டும்; சாட்சிகள் தானாகக் கிடைப்பார்கள். அதற்கென வெளியிலிருந்து ஆள் கொண்டுவரத் தேவைப்படவில்லை. பெரும்பாலான தெருக்களில் அடுத்த வீட்டுக்காரரே போதுமானவராக இருந்தார்.