முள் நிற்கும் நேரம்

எங்கள் நிலையத்தில் காலையில் ஐம்பதைத் தொடாமல் யாரும் டீ குடிக்க மாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, பழக்கம்தான். கம்பியில் ஓடும் மின்சாரம் ஒரு நொடிக்கு ஐம்பது முறை துடிக்க வேண்டும். இரவெல்லாம் அது கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். விடிந்ததும் பணியில் இருப்பவர் அந்த அலைவெண்ணைச் சரியாக ஐம்பதுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் கெட்டிலைத் தட்டுவார். இப்போது அந்த வேலையைச் சீராளி என்ற மென்பொருள் செய்கிறது. இருந்தாலும் காலைப் பணியில் நான் இருந்தால் சீராளியை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு நானே செய்வேன்.

ஐம்பதைத் தொட்டதும் டீயை எடுத்துக்கொண்டு அறையின் மூலைக்குப் போவேன். அங்கே சுவரில் ஒத்தியக்கமானி இருந்தது. வட்ட முகம், ஒற்றை முள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைக் கெட்டுப்போன கடிகாரம் என்றுதான் நினைப்பார்கள். பியூலா அக்காவுக்கு என்ன, கெட்ட கடிகாரத்தைப் பார்த்தால்தான் டீ இறங்குமா என்று என் காதுபடவே கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்த முள் காட்டுவது நேரத்தை இல்லை. எங்கள் மின்சாரமும் பீமா ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் மின்சாரமும் எவ்வளவு விலகித் துடிக்கின்றன என்பதைக் காட்டுகிறது. விலகல் அதிகமானால் முள் கிறுகிறுவென்று சுற்றும். குறைந்தால் சோம்பேறித்தனமாக நகரும். இரண்டும் ஒரே துடிப்பில் இருந்தால் உச்சியில் போய் அப்படியே நிற்கும்.

அக்கரை என்பது இப்போது வேறு நாடு. இரு நாடுகளின் துடிப்பும் தற்செயலாக ஒன்றாகி முள் உச்சியில் நிற்க வாய்ப்பே இல்லை. ஆனால் தினமும் காலையில், என் டீ ஆறுவதற்குள், அது நிற்கும். கடைசி மடக்கு வரை நின்றுவிட்டு மெதுவாக நகரத் தொடங்கும்.

அக்கரையில் இருப்பது என் புருஷன் ஜெபராஜ்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே நாங்கள் வாடா போடா. கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் முன்னால் மட்டும் அவன் ‘அவர்’ ஆவான். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரன். பேச்சில் பாதி பம்பாய், பாதி பாளையங்கோட்டை. எதையும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வருவது அவன் சுபாவம். ஸ்கூட்டரைக் கேட்டுக்கு நேராக நிறுத்தியதே கிடையாது. தாண்டிப் போய்விட்டுக் காலால் தள்ளிக்கொண்டு பின்னால் வருவான். அலைவெண்ணையும் அப்படித்தான் ஐம்பதைத் தாண்டவிட்டு இறக்குவான். தென்கரை நிலையத்தில் நான், வடகரை நிலையத்தில் அவன், நடுவில் ஒரு பாலம், தென்கரையில் குவார்ட்டர்ஸ். காலையில் போன் வரும். “ஏ பியூலா, அம்பது தொட்டாச்சு. டீய குடி.” அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பொழுது விடியும்.

நாடு எப்படி உடைந்தது என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். சண்டை வந்ததா என்கிறார்கள். வரவில்லை. மொழியால் உடையும், மதத்தால் உடையும் என்று பயந்தவர்கள் பலர், எழுதிக் குவித்தவர்கள் அதைவிட அதிகம். கடைசியில் உடைத்தது வெயில். வடக்கே ஊர் ஊராக மக்கள் சுருண்டு விழுந்த அந்தக் கோடையில் இருந்த மின்சாரம் யாருக்கும் போதவில்லை. மொத்தக் கட்டமைப்பும் சரிந்துவிடாமல் இருக்கத் தெற்கைத் தனியாகக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். தீவாக்கம் என்று அதற்குப் பெயர். மழை வரும் வரைக்கும்தான் என்றார்கள். மழை வந்தது. அடுத்த கோடையும் இப்படித்தான் இருக்கும், இப்போது சேர்த்து எதற்கு என்றது தெற்கு. தெற்கே வந்து கேட்கட்டும், பிறகு சேர்க்கலாம் என்றது வடக்கு. மின்சாரத்துக்குப் பிறகு தண்ணீருக்கும் அதே கதை, வரிக்கும் அதே கதை. சேர்க்கலாம் என்று முடிவெடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அதனால் பெரிய விஷயம் நடந்துவிட்டதாக யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் நின்ற இடச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட அந்தக் காலையில் யாருடைய கைரேகை எந்தப் பக்கத்தில் பதிவாகியிருந்ததோ அதுதான் அவர் நாடு. ஜெபராஜ் வேலைக்குப் போயிருந்தான், அவ்வளவுதான். சாயங்காலம் வருகிறேன், நெத்திலிக் கருவாடு இருந்தால் வறுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனவன். வறுத்து வைத்திருந்தேன். பாலத்தை மத்தியானமே மூடிவிட்டார்கள்.

விசா வாங்கிப் போக வேண்டியதுதானே என்பீர்கள். இரு நாடுகளும் ஒன்றையொன்று நாடு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாத நாட்டுக்கு விசா யார் கொடுப்பார்கள்? இல்லாத நாட்டுக்குப் போன் போகாது, தபால் போகாது. ஆற்றங்கரைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. ஆனால் ஆற்றைத் தாண்டி வரும் பழைய மின்தடத்தை மட்டும் அணைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. மூடினால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடும் இணைப்பான் எங்கள் பக்கம் திறந்தே கிடந்தது, அதற்கு அப்பால் அவர்கள் மின்சாரம் வந்து நின்றது. ஒத்தியக்கமானி இரண்டையும் பார்த்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

பிரிந்த இரண்டாம் வருடம் ஒரு காலை, முள் மெதுவாகி, உச்சியைக் கொஞ்சம் தாண்டி, திரும்பி வந்து நின்றது. கையில் டம்ளரோடு நான் அழுதேன். தாண்டிப் போய்த் திரும்பி வருகிறவன் உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். மறுநாள் நானும் என் பக்கத்து அலைவெண்ணைத் திருகி அவனை நோக்கிப் பாதி தூரம் போனேன். அன்றிலிருந்து பதினோரு வருடமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த முள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை தலைமைப் பொறியாளர் திருவேங்கடம் வந்தார். சேலத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். முகமெல்லாம் சிரிப்பாக நல்ல செய்தி என்றார். இரு நாடுகளும் ஒன்றையொன்று அயல்நாடு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப்போகின்றனவாம். அதற்குப் பிறகு தூதரகம் வரும், விசா வரும், ஓரிரு வருடத்தில் போக்குவரத்தும் வரலாம். ஒரே ஒரு நிபந்தனை. பழைய ஒட்டுறவாக இருக்கும் எதுவும் மிஞ்சக் கூடாது. மின்தடத்தை வெள்ளிக்கிழமை கழற்றுகிறார்கள், இந்த ஒத்தியக்கமானியையும் சேர்த்து.

சந்தோஷப்படு என்றது மூளை. அவனைப் பார்க்க வேண்டுமானால் அவன் எனக்கு அயல்நாட்டான் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதுவரைக்கும் முள் இல்லாத காலைகளை என்ன செய்வது? வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். தினமும் அக்கரையிலிருந்து ஜெபராஜ் முள்ளை நிறுத்துவதையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

திருவேங்கடத்தின் சிரிப்பு போய்விட்டது. “பியூலா, ஒப்பந்தக் குழு போன மாசம் அந்தப் பக்கம் போயிட்டு வந்துச்சு. வடகரை ஸ்டேஷன்ல ஆளே கெடயாதாம்மா. நாலு வருசமா எல்லாம் தானியங்கியாம்.”

நான் நம்பவில்லை என்றேன். அவன்தான் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறானே என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்த மென்பொருள் பழைய ஆபரேட்டர்களின் பல வருடப் பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. யார் எப்படி ஏற்றினார்கள், எப்படி இறக்கினார்கள் என்பதையெல்லாம் அப்படியே செய்யும். தாண்டுவது உட்பட.

மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு வருடமாக ஒரு மென்பொருளோடா குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன்? மென்பொருள் என்றால் ஜெபராஜ் எங்கே? வேறு ஊருக்கு மாற்றியிருக்கலாம். வேறு கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். அதற்கு மேல் என்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்று யோசிக்காமல் இருக்க எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமைதான் எனக்குப் புத்தியில் பட்டது. மென்பொருள் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும், ஆனால் வரம்பை மீறாது. எங்கள் சீராளியைப் போல அதற்கும் ஒரு கோடு கிழித்திருப்பார்கள். நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பதுக்குக் கீழே செத்தாலும் இறங்காது. இறங்கினால் எச்சரிக்கை மணி அடிக்கும், கேள்வி வரும், வேலை போகும். மனுஷன்தான் அதையெல்லாம் தெரிந்தே செய்வான்.

வெள்ளிக்கிழமை காலை திருவேங்கடம் சீக்கிரமே வந்துவிட்டார். வெளியே கழற்றும் ஆட்கள் காத்திருந்தார்கள். விதிப்படி இணைப்பானின் முத்திரையை முதலில் உடைத்துச் சோதிக்க வேண்டும், உடைத்தார். நான் ஐம்பதைத் தொட்டேன். அக்கரையும் தொட்டது. முள் உச்சியைத் தாண்டி, திரும்பி, நின்றது. வழக்கம்போல.

கைமுறைச் சாவியைத் திருகி எங்கள் அலைவெண்ணை மெதுவாக இறக்கினேன். முள் நகரவில்லை. அக்கரையும் கூடவே இறங்கியது. வரம்பு வரைக்கும் இரண்டும் சேர்ந்து வந்தன. நான் கோட்டைத் தாண்டினேன். எங்கள் மணி அலறியது. முள் உச்சியை விட்டு விலகியது, வேகம் எடுத்தது, சுற்றியது. திருவேங்கடம் எழுந்து வந்து என்ன செய்கிறாய் என்றார். ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினேன்.

முள் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கரை கோட்டிலேயே நின்றுவிட்டது. மென்பொருள்தான். தெரிந்துவிட்டது. சாவியைத் திரும்ப ஏற்றக் கை வைத்தேன், கண்ணில் எதுவும் தெரியவில்லை.

திருவேங்கடம்தான் பார்த்தார். “பியூலா, அங்க பாரு.”

முள் சோம்பலாகியிருந்தது. அக்கரை கோட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. முள் உச்சிக்கு வந்தது, தாண்டிப் போனது, காலால் தள்ளிக்கொண்டு வருவதுபோலப் பின்னால் வந்தது, நின்றது. யாரோ அங்கே மென்பொருளைத் தள்ளிவிட்டு, தன் நாட்டு விதியை மீறி, என் பின்னாலேயே இறங்கி வந்திருந்தான். ஆள் இல்லாத நிலையத்தில் என்ன செய்துகொண்டிருந்தான், யாருக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்தான், எனக்குத் தெரியாது. அவன்தான். இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம்.

நான் ஏற்றினேன். அவனும் ஏற்றினான். முள் அசையாமல் நிற்க, இரு நாடுகளும் ஒன்றாக ஐம்பதுக்கு ஏறின. மணி ஓய்ந்தது. முத்திரை உடைந்த இணைப்பான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. யோசிக்கவில்லை. மூடினேன்.

“என்னம்மா பண்ணீட்டே?” என்றார் திருவேங்கடம்.

“டீ போடப்போறேன் சார். ஒங்களுக்கும் சேத்துப் போடட்டா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூடினதும் எங்கேயும் ஒரு விளக்குகூட மினுக்கவில்லை. இமயத்தடியிலிருந்து குமரி வரைக்கும் எத்தனை கோடி வீடு, ஒருத்தருக்கும் தெரியாது, நாடு பிரிந்தபோது தெரியாத மாதிரியே. சீராளிக்கு மட்டும் தெரிந்தது. அதற்கு அந்த நாட்டின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இல்லை, அதனால் ‘அறியப்படாத மூலத்துடன் இணைப்பு’ என்று எழுதி வைத்தது.

கெட்டிலைத் தட்டினேன். மின்தடத்தின் மீட்டர் சுழியத்திலிருந்து அசைந்தது. அக்கரையிலிருந்து இக்கரைக்கு மின்சாரம் வந்தது. கொஞ்சம்தான். அவன் தன் பக்கம் ஏற்றித் தள்ளுகிறான். பிரிந்த பிறகு முதல் தடவையாக அவன் கையிலிருந்து ஒன்று என் கைக்கு வந்தது. தண்ணீர் கொதித்தது. இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றைத் திருவேங்கடத்திடம் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். நானும் குடித்தேன். இவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை. ஆறுவதற்குள் குடிக்கவும் ஆசை, முடியக் கூடாது என்றும் ஆசை.

டம்ளர் காலியானதும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். “தொறந்துரும்மா. ஒப்பந்தம் நின்னு போச்சுன்னா விசாவும் கெடயாது. அவரப் பாக்கணும்ல?”

பார்க்கத்தான் வேண்டும். ஒன்றாக இருக்கும் வரை அவன் வர முடியாது, பிரிந்தால் ஒருவேளை வரலாம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? முதல் தடவை யாரும் முடிவெடுக்காமலே நாடு பிரிந்தது. இந்தத் தடவை நான் முடிவெடுத்தேன். இணைப்பானின் பிடியை என் கையாலேயே இழுத்துத் திறந்தேன்.

முள் நகரவில்லை. அக்கரையில் அவன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான், இக்கரையில் நான். வெளியே ஆட்கள் கம்பியைக் கழற்றினார்கள். திரையில் அக்கரையின் எண் மறைந்தது. மின்சாரம் போன ஒத்தியக்கமானியின் முள் இருந்த இடத்திலேயே இருந்தது, உச்சியில்.

அன்று நடந்ததைப் பற்றி இரு தரப்பும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. விசா இந்த வருடம் வரும் என்கிறார்கள், அடுத்த வருடம் என்றும் சொல்கிறார்கள். பழைய இரும்பு என்று ஒதுக்கிய ஒத்தியக்கமானியைத் திருவேங்கடம் முள் உச்சியை விட்டு நகராதபடி பத்திரமாக ஒரு பையில் வைத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சமையல்கட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். தட்டிவிட்டால்கூட முள் நகர்ந்துவிடும் என்பதால் தூசி தட்டுவதில்லை. காலைப் பணி இல்லாத நாட்களில் அதைப் பார்த்தபடிதான் டீ குடிக்கிறேன், நிலையத்திலிருந்து யாராவது போன் பண்ணி ஐம்பதைத் தொட்டாயிற்று என்று சொன்ன பிறகு.