எல்லார் ரத்தத்திலும் பாதி

செவ்வாய்க்கிழமை காலை மொமேனா இறந்துபோனாள். ராஜ்ஷாஹியில், மருத்துவமனைக்கு எதிரே இருந்த தகரக்கூரை விடுதியில். மார்பில் தொடங்கிய புற்று நுரையீரல் வரை பரவியிருந்தது. சாவில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் அவள் ரத்தத்தில் இருந்தது.

அந்த மருத்துவமனையில் புதிய மாத்திரை ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பெண்களுக்கு நிஜ மாத்திரை. மற்றவர்களுக்கு அதே நிறம், அதே வடிவம், உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று பெண்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து நிறுவனத்துக்கு மட்டும் தெரியும். அந்த நிறுவனம்தான் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, மொமேனாவையும் சேர்த்து விடுதிப் பெண்கள் ஆறு பேரின் ரகசியத்தையும் திறந்து மருத்துவமனைக்கு அனுப்பியது. ஆறு பேரின் ரத்தமும் அந்த ரகசியத்தோடு பொருந்தவில்லை.

புதன்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் ரெஹ்னுமா மருத்துவமனைக்குப் போனபோது, கம்பவுண்டர் ஹாஷ்மத் ஏற்கெனவே காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தான்.

"விடுதிக்கு மாத்திரை டப்பா கொண்டுபோறவன் அவன்தான்," என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர் இக்ராமுல். "வழியில நிஜத்தை எடுத்து வித்துட்டு மாவை நிரப்பியிருக்கான்."

"பார்த்தீங்களா?"

"வேற யாரு எடுப்பா?"

"என்ன அவசரம் டாக்டர்?"

"சனிக்கிழமை கம்பெனிக்குப் பதில் சொல்லணும். திருடன் மாட்டினா ஆய்வு நடக்கும். இல்லேன்னா இங்க மூடிட்டுப் போயிடுவாங்க. இந்த மாத்திரைய விட்டா அந்தப் பொம்பளைங்களுக்குக் கொடுக்க என்கிட்ட எதுவுமே இல்ல."

ரெஹ்னுமா முடிவுகளைப் படித்தாள். ஆறு பேரில் மூவருக்கு நிஜ மாத்திரை. அவர்கள் ரத்தத்தில் இருக்க வேண்டிய மருந்தில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. மற்ற மூவருக்கு மாவு. அவர்கள் ரத்தத்திலும் அதே பாதி.

"வீட்டிலிருந்து வந்து போற நோயாளிங்க?"

"அவங்க ரத்தம் சரியா இருக்கு."

"அவங்க டப்பாவும் ஹாஷ்மத் கையிலதான் போகுதா?"

"ஆமா."

விடுதியிலிருந்து எடுத்துவந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் உமித்தூள் ஒட்டியிருந்தது.

காவல் நிலையத்தில் ஹாஷ்மத் தலையைத் தூக்கவில்லை.

"வித்தியா?"

"எது நிஜம்னு எனக்கே தெரியாது மேடம். பாதி மாவா இருக்கிற சரக்கை வித்தா, வாங்கினவன் என்னைச் சும்மா விடுவானா?"

"டப்பாவை யார் கையில கொடுப்ப?"

"ஜோரினா அக்கா கையில. சீலோட. எல்லாருக்கும் சேர்த்து அவங்கதான் வாங்கிப்பாங்க."

வியாழன் மதியம் ரெஹ்னுமா விடுதிக்குப் போனாள். எல்லோரும் பத்மா நதியின் ஒரே மணல்திட்டிலிருந்து வந்தவர்கள். ஐந்து பேர் மிஞ்சியிருந்தார்கள். அடுப்பு ஒன்றுதான்.

"வாங்க போலீஸம்மா," என்றாள் ஜோரினா. தலைமேல் கிடந்த சேலை நழுவியது. முடி இல்லை. "எங்க மண்டை மாதிரியே ஒரு பூசணி கிடைச்சுது. சாப்பிட்டுட்டுப் போங்க."

"உன் மண்டையில இவ்வளவு சதை ஏது?" என்றாள் கோஹினூர். நான்கு பேர் சிரித்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு இருமலாக மாறி, நிற்க நேரமாயிற்று.

ஜோரினா வெந்த மீனை இலையில் ஆறு கூறாக வைத்தாள். கூறுகளைப் பார்க்காமல் பெயர் சொல்ல, கோஹினூர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இது யாருக்கு?" என்று ஜோரினா ஒரு கூறைத் தொட்டாள்.

"சொபிரனுக்கு."

"இது?"

"போலீஸம்மாவுக்கு."

தலைத்துண்டு ரெஹ்னுமாவுக்கு விழுந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

"எப்பவும் இப்படித்தானா?"

"பக்ரீத் கறியே இப்படித்தான். ஆடு வெட்டினவன் வீட்டுப் பங்கும் ஊர்ப் பாயிலதான் கொட்டணும். வெட்டாதவனுக்கும் அதே கூறு."

மூலையில் ஒரு முறம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ரெஹ்னுமா அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். உமித்தூள்.

சனிக்கிழமை டாக்டரின் அறைக்கு ஜோரினாவையும் அழைத்துவரச் சொன்னாள்.

"திருட்டே நடக்கல டாக்டர். மருந்து எங்க குறையுதுன்னு பார்த்தீங்க. குறைஞ்சது எங்க போச்சுன்னு பார்க்கல. மூணு பேர்கிட்ட குறைஞ்ச பாதி, மாவு வாங்கின மூணு பேர் ரத்தத்துல இருக்கு. மாவு வாங்கினவளுக்கு எந்தத் திருடனும் மருந்து கொடுக்க மாட்டான். டப்பா மாறியிருந்தா ஒருத்திக்கு முழுசும் இன்னொருத்திக்கு ஒண்ணுமில்லாமயும் இருக்கும். எல்லாருக்கும் பாதின்னா, கொட்டிக் கலந்திருக்காங்க. ஜோரினா அக்கா, நீங்கதானே?"

"நான்தான்," என்றாள் ஜோரினா. "முறத்துல கொட்டிக் கூறு போட்டோம். ஒரே அடுப்புல தின்னுட்டு, ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவுன்னா எப்படிம்மா ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பார்க்கிறது?"

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஹாஷ்மத்தான் திருடன்னே எழுதிடுங்க. வேலை போகும், கொஞ்ச நாள் உள்ள இருப்பான். இவங்களுக்கு மாத்திரை வரும்."

"வந்தா?" ரெஹ்னுமா ஜோரினாவைப் பார்த்தாள். "மறுபடி கூறு போடுவீங்களா?"

"போடுவோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஆய்வு அந்த இடத்தில் முடிந்தது. ரெஹ்னுமா காவல் நிலையத்துக்குப் போன் செய்து ஹாஷ்மத்தை விடச் சொன்னாள்.

ஜோரினா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், மொமேனாவுக்கு வந்தது எது?"

அவர் ரெஹ்னுமாவைப் பார்த்தார்.

"நிஜம்," என்றார்.

"முதல்ல அவ மாட்டேன்னா. என் டப்பா எனக்குத்தான்னா. நாங்க யாரும் அவகூடப் பேசல. தனியா உக்காந்து தின்னா. அப்புறம் தானாவே கொண்டுவந்து முறத்துல கொட்டிட்டா." ஜோரினா சேலையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "முழுசும் அவளே தின்னிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியாதும்மா," என்றார் டாக்டர். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வை ஆரம்பிச்சோம்."