எட்டு மணி பஸ்ஸுக்கு இரண்டு விசில்

சுந்தரியின் அப்பா ஆவுடைநாயகம் பஸ் கண்டக்டர். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷமாக வேலை. "மேலகரம்! தென்காசி! ஏறு ஏறு, உள்ள எடம் கெடக்கு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். பேரருவியின் இரைச்சலையும் தாண்டி அது கேட்கும். குளித்துக்கொண்டிருப்பவர்கள் ஈரத்துண்டோடு ஓடி வந்து ஏறுவார்கள்.

அப்படிப்பட்ட தொண்டை ஒரு நாள் கம்மியது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் குடித்தார். மூன்று மாதமாகியும் சரியாகவில்லை. மதராஸ் டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டையில் புற்றுநோய் என்றார்.

புற்று என்றதும் சுந்தரிக்குக் கொல்லைப்புறத்துக் கறையான் புற்றுதான் ஞாபகம் வந்தது. அது எப்படி அப்பாவின் தொண்டைக்குள் போகும்? யாரைக் கேட்டாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மதராஸில் அப்பாவுக்கு ஒன்றரை மாதம் 'கரண்டு வைத்தியம்', அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, நடந்தது. திரும்பி வந்தபோது கழுத்துத் தோல் கருத்திருந்தது. ஆள் பாதியாக இருந்தார்.

"நல்லவேளை, ஆரம்பத்துலயே பாத்துட்டாங்களாம்" என்றாள் அம்மா. "ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். ரகசியம்கூடப் பேசப்படாதாம். பேசுனா புண்ணு ஆறாதாம். கொரலு திரும்பாமலே போயிருமாம்."

சுந்தரிக்குப் பக்கென்றது. தூக்கத்தில்கூட 'டிக்கெட், டிக்கெட்' என்கிற அப்பா, இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா?

முதலில் தன்னுடைய சிலேட்டை அப்பாவிடம் கொடுத்துப் பார்த்தாள். எழுதியதைக் காட்ட யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமே! அப்பா கை தட்டினால், காக்கா விரட்டுகிறார் என்று அடுக்களையில் இருந்த அம்மா நினைத்துக்கொண்டாள். தம்ளரைத் தட்டினார். அது நசுங்கியதுதான் மிச்சம்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "ஏட்டி!" என்று கத்திவிட்டார். அடுத்த நிமிஷம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த சுந்தரிக்கும் அழுகை வந்தது.

அழுது முடித்த பிறகு, ஆணியில் தொங்கிய அப்பாவின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். அதன் பையில் அவருடைய பித்தளை விசில் இருந்தது.

"அப்பா, இதுக்குத் தொண்டை வேண்டாம்லா! மூச்சு இருந்தாப் போதும். ஒரு விசில்னா ஆளு வரணும். ரெண்டு விசில்னா, சரி, போலாம். நம்ம பஸ் மாதிரியே!"

அப்பா விசிலை வாங்கித் துடைத்து வாயில் வைத்தார். ஒன்று ஊதினார். அம்மா ஓடி வந்தாள். இரண்டு ஊதினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டே திரும்பிப் போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

அன்று முதல் வீட்டில் குழப்பம் இல்லை. சரியாகக் காலை எட்டு மணிக்கு ஒரு விசில் கேட்கும். அது கஞ்சிக்கு. சுந்தரி அதற்கு முன்பே கஞ்சியைத் துணியில் வடிகட்டி, இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வைத்திருப்பாள். அம்மா கொண்டு போய்க் கொடுப்பாள். சூடு சரியாக இருந்தால் இரண்டு விசில்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. சுந்தரி தென்காசிக்குப் பள்ளிக்கூடம் போகும் எட்டு மணி பஸ், நிறுத்தத்துக்கு முன்பே அவள் வீட்டு வாசலில் நின்றது! 'புதுக் கண்டக்டர் அருமைநாயகம் அண்ணாச்சிக்கு எவ்வளவு நல்ல மனசு!' என்று நினைத்து அவளும் ஏறிக்கொண்டாள். மூன்று நாள் இப்படியே போயிற்று.

நான்காம் நாள் அவள் ஏறும்போது பஸ்ஸுக்குள் ஒரே சண்டை.

"ஏலே அருமை! மேலகரம் முக்கு இன்னும் வரல்லியே. தெனமும் இங்கன எதுக்குலே விசில் ஊதுதே?" என்று டிரைவர் மூசா கத்தினார். அவர் அப்பாவோடு பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர்.

"நான் ஊதல அண்ணாச்சி! விசில் பைக்குள்ளல்லா கெடக்கு!"

"அப்போ பேயா ஊதுது? நாளைக்கு மொதலாளிகிட்டச் சொல்லி வேற ஆளப் போடச் சொல்லுதேன்."

அருமைநாயகத்தின் முகம் சுண்டிப் போயிற்று. அப்போது பீப், பீப் என்று இரண்டு விசில் கேட்டது. மூசா பழக்கத்தில் பஸ்ஸை எடுத்துவிட்டார். அருமைநாயகம் வெறும் கையை விரித்துக் காட்டியபடி நின்றார்.

சுந்தரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தம் வந்தது அவள் வீட்டு ஜன்னலிலிருந்து!

உண்மையைச் சொன்னால் விசிலை வாங்கிவிடுவார்கள். அப்புறம் அப்பா கத்துவார். குரல் போய்விடும். சொல்லாவிட்டால்? அவள் திரும்பிப் பார்த்தாள். அருமைநாயகம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, பாவம்.

தென்காசியில் எல்லோரும் இறங்கியதும், சுந்தரி நேரே டிரைவர் சீட்டுக்குப் போனாள்.

"மூசா மாமா, அவுக ஊதல. எங்கப்பாதான் ஊதுனாங்க. கஞ்சிக்கு."

"என்னது, கஞ்சிக்கா?"

அவள் கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூசா மாமா வாயைப் பிளந்து கேட்டார். "அதான பாத்தேன்! பன்னெண்டு வருசம் கேட்ட விசிலு. காதுல விழுந்ததும் காலு தன்னால பிரேக்க மிதிச்சிட்டு" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "அருமை, நான் பேசுனத மனசுல வச்சிக்காதலே" என்றார்.

"மாமா, விசிலப் புடுங்கிராதிய. இனிமே வீட்டுக்கு மூணு விசில்னு வச்சிக்கிடுதோம். மூணு விசிலுக்குப் பஸ்ஸுல அர்த்தம் கெடயாதுல்லா?"

"கெட்டிக்காரி! அப்படியே செய்."

சுந்தரி நகரவில்லை. "இன்னும் ஒண்ணு மாமா. விசில் ஊதும்போதுதான் எங்கப்பா சிரிக்காங்க. எட்டு மணி பஸ்ஸ மட்டும் எங்க வீட்டு வாசல்ல நிப்பாட்டுதியளா? அவங்க ரெண்டு விசில் ஊதட்டும். நீங்க எடுங்க."

மூசா மாமா அருமைநாயகத்தைப் பார்த்தார்.

"எனக்கென்ன அண்ணாச்சி, ஒரு எடத்துல ஊதுத வேல மிச்சம்" என்று சிரித்தார் அருமைநாயகம்.

மறுநாளிலிருந்து சாரல் அடித்தாலும் வெயில் அடித்தாலும் எட்டு மணி பஸ் அங்கே நின்றது. அப்பா ஏழரை மணிக்கே முகம் கழுவி, தலை வாரி, ஜன்னலில் வந்து உட்கார்ந்துவிடுவார். படிக்கட்டில் யாராவது தொங்கினால் விசில் கிடையாது. விரலை ஆட்டி உள்ளே ஏறச் சொல்வார். ஏறிய பிறகே இரண்டு விசில் வரும். பஸ் கிளம்பும்.

இரண்டு மாதம் முடிந்தது. மதராஸ் டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "நன்றாக ஆறி வருகிறது. திங்கட்கிழமை முதல் பேசலாம். மெதுவாக, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை" என்றார்.

"மொத வார்த்தையா என் பேரத்தான் சொல்லுவாக" என்றாள் அம்மா.

"இல்ல, என் பேரு!" என்றாள் சுந்தரி.

அப்பா கமுக்கமாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பஸ் வந்து நின்றது. விசில் வரவில்லை. மூசா மாமா தலையை நீட்டி, "என்னவே, விசில் தொலஞ்சி போச்சா?" என்றார்.

அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். மூச்சை இழுத்தார்.

"போலாம், ரைட்!"

பேரருவி மாதிரி இருந்த குரல் சிற்றருவியாகத்தான் விழுந்தது. கரகரவென்று இருந்தது. ஆனாலும் அது அப்பாவின் குரல்தான். சுந்தரிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

பஸ் நகரவில்லை. மூசா மாமா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். அருமைநாயகம் வந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள்.

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லும்வே!" என்றார் மூசா மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"போலாம், ரைட்!"

"ஐயையோ, நாளைக்கு உள்ளதையும் இன்னைக்கே பேசி முடிச்சிராதிய!" என்று அம்மா ஓடி வந்தாள்.

அப்பா மகளின் தலையைத் தடவினார். "சுந்தரி, ஏறும்மா" என்றார்.

அன்று சுந்தரி வகுப்புக்குள் நுழையும்போது முதல் பாடம் முடியப் போகிற நேரம்.

"ஏன் லேட்டு?" என்று கேட்டார் சுகிர்தம் டீச்சர்.

"பஸ் கெளம்பல டீச்சர்."

"ஏன், ரிப்பேரா?"

"இல்ல டீச்சர். எங்கப்பா 'போலாம், ரைட்'னு சொன்னாங்க. அதான் கெளம்பல."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. சுந்தரி சிரித்துக்கொண்டே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.